ரெக்ரூட்டரோடு சேர்ந்து வேலை தேடுவது எப்படி: முதல் அழைப்பு முதல் சேரும் நாள் வரை

நான் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். கன்சல்டன்சி (நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் ஏஜென்சி) வழியாக மூன்று முறை வேலை மாறியிருக்கிறேன். அதன் பிறகு எங்கள் டீமுக்கு ஆள் எடுக்கும்போது, ஆள் தேடி எடுப்பதையே வேலையாகக் கொண்ட ரெக்ரூட்டர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வேலை செய்யும் விதத்தையும் பார்த்தேன். கல்லூரி ஜூனியர்கள் பலருக்கு வேலை மாற உதவியபோது ஒன்று புரிந்தது: திறமையில் குறை இல்லாதவர்களும் ஒரே சில இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த இடங்களுக்காக எழுதியது. இரண்டு முதல் எட்டு வருட அனுபவத்தோடு சென்னை, கோவை, பெங்களூரு ஐடி வேலைகளைத் தேடுபவர்களை மனதில் வைத்திருக்கிறேன்.

படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முக்கியமாக முதல் இரண்டையும் முடிக்காமல் நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் புரொஃபைலைப் புதுப்பிக்க வேண்டாம். புதுப்பித்த ஓரிரு நாளிலேயே போன் வர ஆரம்பித்துவிடும். ஓ.எம்.ஆரில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே உங்கள் சம்பளத்தைத் தோராயமாகச் சொல்வீர்கள், அந்தத் தோராயமான எண் கடைசி வரை உங்களைத் துரத்தும்.

1. உங்கள் எண்களை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

ரெக்ரூட்டரின் கையில் ஒரு எக்ஸெல் டிராக்கர் இருக்கும். மொத்த அனுபவம், அந்த வேலைக்குப் பொருந்தும் அனுபவம், இப்போதைய சிடிசி (நிறுவனம் உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை), எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்), இருக்கும் ஊர், விரும்பும் ஊர், மாறுவதற்கான காரணம் என்று வரிசையாகக் கட்டங்கள். அந்தக் கட்டங்களை நிரப்பாமல் உங்கள் பெயர் அடுத்த படிக்கு நகராது. அதனால் அதே வரிசையில் பதில்களை முன்கூட்டியே எழுதிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிடிசியை மட்டும் எழுதினால் போதாது. நிலையான பகுதி எவ்வளவு, வேரியபிள் (செயல்பாட்டைப் பொறுத்து மாறும் பகுதி) எவ்வளவு, பிடித்தம் போக மாதம் கையில் வருவது எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் சிடிசிக்குள் ஒளிந்திருக்கும். கடைசியாக வந்த ஹைக் லெட்டரை (சம்பள உயர்வுக் கடிதத்தை) எடுத்துப் பார்த்தால் எல்லாம் அதில் இருக்கும்.

நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் 90 என்றே எழுதுங்கள். பையவுட் (மீதி நாட்களுக்குப் பணம் கட்டி முன்னதாக விலகுவது) உண்டா, யார் பணம் கட்டுவது, மேனேஜர் முன்னதாக விடுவிப்பாரா என்பதை உங்கள் ஆஃபர் லெட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள். பல வருடம் வேலை பார்த்தவர்கள்கூடத் தங்கள் ஆஃபர் லெட்டரை ஒருமுறைதான் திறந்திருப்பார்கள், அதுவும் கையெழுத்துப் போட்ட அன்று.

கடைசியாக, மாறுவதற்கான காரணம். ஒரே வரி போதும், ஆனால் உண்மையாக இருக்கட்டும். இன்று ‘சம்பளம்’ என்று ஒரு ரெக்ரூட்டரிடமும், இன்டர்வியூவில் ‘கற்றுக்கொள்ள வாய்ப்பில்லை’ என்றும் சொன்னால் இரண்டும் எதிரெதிரே வந்து நிற்கும். ரெக்ரூட்டர் எழுதிய குறிப்பு இன்டர்வியூ எடுப்பவர் கையில் இருக்கும்.

2. ரெஸ்யூமேயை வேர்டு ஃபைலாகவும் வைத்திருங்கள்

கன்சல்டன்சிகள் ரெஸ்யூமேயைத் தங்கள் வடிவத்துக்கு மாற்றித்தான் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். உங்கள் போன் நம்பரையும் மெயிலையும் எடுத்துவிடுவார்கள், நிறுவனம் அவர்களைத் தாண்டி நேராக உங்களை அழைத்துவிடக் கூடாதே. பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் அதிலிருந்து அள்ளி ஒட்டும்போது தேதிகள் குழம்பும். ஃபைல் பெயரில் உங்கள் பெயர், தொழில்நுட்பம், எத்தனை வருடம் என்று இருக்கட்டும். ‘ரெஸ்யூமே ஃபைனல் 3’ என்ற பெயரில் நூறு ஃபைல் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

வேலை செய்த தேதிகளை பிஎஃப் கணக்கோடு ஒப்பிடுங்கள். பிஎஃப் நிறுவனமான இபிஎஃப்ஓ தளத்தில் உங்கள் யுஏஎன் எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) வைத்து சர்வீஸ் ஹிஸ்டரி பார்க்கலாம், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அங்கே இருக்கும். சரிபார்ப்பு நடக்கும்போது புது நிறுவனத்தாரும் அதைத்தான் பார்ப்பார்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள், ஆஃபர் வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.

3. அழைப்பவர் யார், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பேசுவதுதான் பெரும்பாலான மனக்கசப்புக்குக் காரணம். அழைப்பவர்கள் மூன்று வகை.

முதல் வகை, நிறுவனத்திலேயே வேலை பார்க்கும் ரெக்ரூட்டர். மாதச் சம்பளக்காரர். குறித்த தேதிக்குள் இத்தனை இடங்களை நிரப்ப வேண்டும் என்பது அவருடைய கவலை. அந்த ஒரு நிறுவனத்தின் வேலைகள் மட்டுமே அவரிடம் இருக்கும்.

இரண்டாவது, கன்சல்டன்சி. நீங்கள் சேர்ந்தால் நிறுவனம் அவர்களுக்குக் கட்டணம் தரும். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், என்பது இத்துறையில் அடிக்கடி காதில் விழும் கணக்கு. பன்னிரண்டு லட்சம் சிடிசி என்றால் சுமார் ஒரு லட்சம். இது உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுவதில்லை. ஆனால் நீங்கள் சேராவிட்டால் அவர்களுக்கு ஒரு ரூபாயும் இல்லை. சேர்ந்து சில மாதத்துக்குள் விலகினாலும் வேறு ஆளைத் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும்.

மூன்றாவது, தேர்ட் பார்ட்டி பேரோல். நீங்கள் வேலை பார்ப்பது ஒரு பெரிய நிறுவனத்தில், சம்பளம் தருவது இவர்கள். ‘சி டு எச்’ (முதலில் கான்ட்ராக்ட், பிறகு நிரந்தரம்) என்று சொன்னால் இந்த வகை. ஐடி கார்டில் யார் பெயர், பிஎஃப் யார் கட்டுவது, எத்தனை மாதம் கழித்து நிரந்தரம், அது எழுத்தில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று பேருமே நிறுவனத்துக்காக வேலை செய்பவர்கள். உங்களுக்கு வேலை தேடித் தருவது அவர்கள் பொறுப்பு இல்லை, தங்களிடம் இருக்கும் இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் ‘ஏன் எனக்காக இன்னும் எதுவும் செய்யவில்லை’ என்ற கோபம் வராது. அவர்களிடம் உங்களுக்குப் பொருந்தும் இடம் வரும் நாளில் உங்கள் பெயர் நினைவுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் வேண்டியது.

4. முதல் அழைப்பைப் பத்து நிமிடத்தில் முடியுங்கள்

பேச முடியாத இடத்தில் இருந்தால் போனை எடுத்து, ‘மேடம், ஆபீஸில் இருக்கிறேன், மாலை ஆறரைக்கு நானே கூப்பிடுகிறேன்’ என்று சொல்லுங்கள். ஆறரைக்குக் கூப்பிடவும் செய்யுங்கள். அடுத்த வருடம் உங்களை அழைப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வது இந்த மாதிரி இடங்களில்தான்.

உங்கள் பக்கத்திலிருந்து ஐந்து கேள்விகள்: நிறுவனத்தின் பெயர் என்ன? அலுவலகம் எங்கே, வாரத்தில் எத்தனை நாள் நேரில் வர வேண்டும்? நிரந்தரமா, கான்ட்ராக்டா? இந்த இடத்துக்குச் சம்பள வரம்பு என்ன? இன்டர்வியூ எத்தனை ரவுண்டு?

அலுவலகம் இருக்கும் இடத்தைப் பலர் கேட்பதில்லை. ‘சென்னை’ என்றால் தெற்கே இருக்கும் சிறுசேரியும் சென்னைதான், வடமேற்கே ஆவடி பக்கம் இருக்கும் அம்பத்தூரும் சென்னைதான். ஆவடியில் வீடு இருப்பவர் மூன்று ரவுண்டு முடித்து, ஆஃபர் கையில் வந்த பிறகு சிறுசேரி வேண்டாம் என்று சொல்லும்போது இரண்டு பக்கமும் ஒரு மாதம் வீணாகிறது. தெரியாத தொழில்நுட்பத்தைத் தெரியும் என்று சொல்வதும் இதே வகைதான். ‘செலினியம் நான்கு வருடம், பிளேரைட் வீட்டில் கற்றுக்கொண்டிருக்கிறேன்’ என்று பிரித்துச் சொன்னால் அவர் சரியான இடத்துக்கு மட்டும் அனுப்புவார்.

5. எந்த நிறுவனத்துக்கு யார் அனுப்பலாம் என்று எழுத்தில் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு பெரிய நிறுவனம் ஒரே இடத்துக்குப் பல கன்சல்டன்சிகளிடம் ஆள் கேட்கும். உங்கள் ரெஸ்யூமே நௌக்ரியில் எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டு பேர் அனுப்பினால் நிறுவனத்தின் கணினியில் உங்கள் மெயில், போன் நம்பரை வைத்து ‘ஏற்கெனவே உள்ளவர்’ என்று காட்டும். பெரும்பாலான இடங்களில் முதலில் பதிந்தவருக்கே உரிமை, அது ஆறு மாதம் வரைகூட நீடிக்கும். இருவரும் உரிமை கேட்டால், கட்டணத் தகராறு எதற்கு என்று உங்களையே ஒதுக்கிவிடவும் செய்வார்கள்.

எனக்கு இது நடந்தது. முதல் முறை வேலை மாறியபோது, ஒரு கன்சல்டன்சியில் ‘சில நல்ல கம்பெனிகள் இருக்கின்றன, ரெஸ்யூமே அனுப்புங்கள்’ என்றார்கள், பெயரைக் கேட்காமல் அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வேறொரு ரெக்ரூட்டர் நான் மிகவும் விரும்பிய ஒரு நிறுவனத்துக்காக அழைத்தார். அவர் என்னோடு அரை மணி நேரம் உட்கார்ந்து ரெஸ்யூமேயைத் திருத்தினார். மறுநாள் வருத்தமான குரலில், ‘உங்கள் புரொஃபைல் வேறு வழியாக ஏற்கெனவே போயிருக்கிறது’ என்றார். முதல் கன்சல்டன்சியைக் கூப்பிட்டால் அதைக் கவனித்த ஆளே விலகிப் போயிருந்தார். என்னை யாரும் இன்டர்வியூவுக்கே அழைக்கவில்லை. அந்த வாய்ப்பை இழந்தது இன்றும் வலிக்கிறது, என் உழைப்பைவிட அந்த இரண்டாவது ரெக்ரூட்டரின் உழைப்பு வீணானது இன்னும் அதிகமாக.

அதனால் செய்ய வேண்டியது: நிறுவனத்தின் பெயரும் ஜேடியும் (வேலை விவரமும்) மெயிலில் வந்த பிறகே ரெஸ்யூமே அனுப்புங்கள். ‘பெயர் சொல்ல முடியாது, ரகசியம்’ என்றால், ‘சரி மேடம், அனுப்புவதற்கு முன் பெயரை மட்டும் சொல்லிவிடுங்கள், ஏற்கெனவே போயிருக்கிறதா என்று பார்த்து அரை மணியில் பதில் தருகிறேன்’ என்று சொல்லலாம். பெயர் தெரிந்ததும் இப்படி ஒரு பதில் மெயில் போடுங்கள்:

‘வணக்கம். இன்ன நிறுவனத்தின் இன்ன பதவிக்கு என் ரெஸ்யூமேயை உங்கள் வழியாக அனுப்பச் சம்மதிக்கிறேன். கடந்த ஆறு மாதத்தில் இந்த நிறுவனத்துக்கு நான் வேறு வழியில் விண்ணப்பிக்கவில்லை. இந்தச் சம்மதம் இந்த ஒரு பதவிக்கு மட்டும். அனுப்பியதும் ஒரு வரி தெரிவியுங்கள்.’

சம்மதம் கொடுத்த பிறகு அதே நிறுவனத்துக்கு நீங்களே அவர்கள் தளத்தில் விண்ணப்பிக்காதீர்கள், உள்ளே இருக்கும் நண்பரிடமும் ரெஃபரல் போடச் சொல்லாதீர்கள். உள்ளே நெருங்கிய நண்பர் இருந்தால், ரெக்ரூட்டரிடம் சம்மதம் சொல்வதற்கு முன்பே எந்த வழி என்று தீர்மானித்துவிடுங்கள். டீமில் இருப்பவரே பரிந்துரைத்தால் பல நேரம் அதுதான் பலமான வழி, அப்போது ரெக்ரூட்டரிடம் ‘இந்த ஒன்றுக்கு நண்பர் வழியாகப் போகிறேன், மற்றவை இருந்தால் சொல்லுங்கள்’ என்றால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

6. ஒரு கணக்கு நோட்டு

தேதி, நிறுவனம், பதவி, யார் வழியாக, சொன்ன சம்பளம், இப்போதைய நிலை. ஆறு கட்டம் போதும், கூகுள் ஷீட்டில் வைத்தால் போனிலும் திறக்கலாம். ஐந்து ரெக்ரூட்டர்கள் பேச ஆரம்பித்த பிறகு நினைவை நம்ப முடியாது. நான்கைந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம் என்பது என் கருத்து.

7. சம்பளத்தைப் பேசும் முறை

இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16, சில இடங்களில் வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கேட்பார்கள். எட்டு லட்சத்தைப் பத்து என்று சொன்னது அப்போது தெரிந்தால் ஆஃபர் மட்டும் போகாது, அந்த ரெக்ரூட்டரின் பெயரும் நிறுவனத்திடம் கெடும். அவர் உங்களுக்காக மறுபடி போனை எடுக்க மாட்டார்.

குறைவாக வாங்குகிறீர்கள் என்றால் அதை அப்படியே சொல்லிக் காரணத்தையும் சொல்லுங்கள்: ‘மூன்று வருடமாக அதே இடத்தில் இருக்கிறேன், என் அனுபவத்துக்கு வெளியில் இந்த வரம்பு இருப்பதைப் பார்க்கிறேன், அதனால் பதினொன்று எதிர்பார்க்கிறேன்.’ இப்படிச் சொன்னால் அவர் நிறுவனத்திடம் பேச ஒரு பிடி கிடைக்கிறது. வெறும் ‘ஐம்பது சதவீத ஹைக்’ என்றால் அவரால் யாரிடமும் வாதாட முடியாது.

‘நிறுவனத்தின் வழக்கப்படி’ என்று சொல்வது பணிவாகத் தெரியும், ஆனால் டிராக்கரில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். ஒரு எண் சொல்லுங்கள், அது எதைக் குறிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்து லட்சத்தில் ஒரு லட்சம் வேரியபிள் என்றால் நிலையானது ஒன்பதுதான். வேரியபிள் இல்லாத ஒன்பதரை லட்சம் மாதக் கணக்கில் அதைவிட மேல். இந்தக் கணக்கைப் போடாமல் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்து, முதல் சம்பளம் வந்த அன்று முகம் வாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் சொன்ன எண்ணைக் கடைசியில் மாற்றுவதையும் தவிருங்கள். நடுவில் வேறு ஆஃபர் வந்து உங்கள் எதிர்பார்ப்பு உயர்ந்தால், வந்த அன்றே சொல்லுங்கள்.

8. இன்டர்வியூவுக்கு முன்னும் பின்னும்

முந்தின நாள் ரெக்ரூட்டரிடம் பத்து நிமிடம் கேளுங்கள்: யார் எடுக்கிறார், டெக்னிக்கலா மேனேஜரா, கோடிங் உண்டா, இதற்கு முன் போனவர்கள் எதில் தவறினார்கள். கடைசிக் கேள்விதான் தங்கம். ஒரே இடத்துக்கு அவர் ஆறு பேரை அனுப்பியிருப்பார், யாரிடம் என்ன கேட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நாம் கேட்டால்தான் நினைவுக்கு வரும்.

வர முடியாது என்றால் முந்தின நாளே சொல்லுங்கள். சொல்லாமல் விடுவதைத்தான் எந்த ரெக்ரூட்டரும் மறப்பதில்லை.

முடிந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் நீங்களே கூப்பிட்டு நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். ‘நன்றாகப் போனது’ என்பது அவருக்குப் பயன்படாது. ‘ஏபிஐ கேள்விகளுக்குச் சரியாகச் சொன்னேன், பெர்ஃபார்மென்ஸ் டெஸ்டிங் பற்றிக் கேட்டதில் திணறினேன்’ என்றால், நிறுவனம் அவரிடம் பேசும்போது ‘அதை அவர் சீக்கிரம் கற்றுக்கொள்வார்’ என்று உங்கள் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல முடியும்.

9. பதில் வராத நாட்கள்

இன்டர்வியூ முடியும்போதே ‘முடிவு எப்போது தெரியும்?’ என்று கேட்டுத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் ஒரு வாட்ஸ்அப். பிறகு நான்கு வேலைநாள் விட்டு இன்னொன்று. அதற்கும் பதில் இல்லாவிட்டால் ஒரு போன். அதோடு விட்டு அடுத்ததைப் பாருங்கள்.

‘ஹாய் மேம்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அவரிடம் நாளுக்கு ஐம்பது ஹாய் வரும். பெயர், நிறுவனம், பதவி, இன்டர்வியூ தேதி, கேள்வி எல்லாம் ஒரே மெசேஜில் இருந்தால் தேடாமல் பதில் போடலாம். பல நேரம் அவருக்கே நிறுவனம் பதில் சொல்லியிருக்காது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் சிலர் மௌனமாக இருக்கிறார்கள். ‘முடிவு வராவிட்டாலும் பரவாயில்லை, அதையே சொல்லுங்கள்’ என்று எழுதினால் பெரும்பாலும் பதில் வரும்.

10. ஆஃபர் வந்த பிறகு, 90 நாள்

ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்து, சம்பளப் பிரிவும் சேரும் தேதியும் சரியா என்று பார்த்த பிறகே இப்போதைய இடத்தில் ராஜினாமா கொடுங்கள். ‘வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள், பேப்பர் போடுங்கள்’ என்று ரெக்ரூட்டரே அவசரப்படுத்தினாலும் வேண்டாம்.

ராஜினாமா ஏற்கப்பட்ட மெயிலையும் கடைசி வேலைநாள் எது என்பதையும் அவருக்குத் தெரிவியுங்கள். நோட்டீஸ் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீங்களே ஒரு வரி அனுப்புங்கள். இந்த மூன்று மாதமும் அவர் பதற்றத்தில்தான் இருப்பார், ஏனென்றால் ஆஃபர் வாங்கியவர்கள் கடைசி நாளில் போனை அணைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

நடுவில் வேறு நல்ல ஆஃபர் வந்துவிட்டது, அல்லது இப்போதைய மேனேஜர் சம்பளத்தைக் கூட்டி இருக்கச் சொல்கிறார். மனது மாறினால் அது உங்கள் உரிமை. அன்றைக்கே கூப்பிட்டு, ‘மேடம், வேறு முடிவு எடுத்துவிட்டேன், உங்கள் உழைப்பு தெரியும், மன்னியுங்கள்’ என்று குரலில் சொல்லுங்கள், பிறகு மெயில் போடுங்கள். சேரும் தேதிக்கு ஐம்பது நாள் முன்பு தெரிந்தால் அவர் வேறு ஆளைத் தேட முடியும். முதல் நாள் காலையில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

11. எங்கே பேச்சை நிறுத்த வேண்டும்

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். கட்டணம் தருவது நிறுவனம் என்று மூன்றாம் படியில் பார்த்தோம். அசல் சான்றிதழ்களையும் ஓடிபியையும் யாரிடமும் தராதீர்கள். ஆஃபர் லெட்டருக்கு முன் ஆதார், பான் நகல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். போலி அனுபவச் சான்று ஏற்பாடு செய்கிறேன் என்பவரின் நம்பரை பிளாக் செய்யுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

வெளிநாட்டு வேலை மட்டும் வேறு கணக்கு. 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் வரை வாங்கலாம், ரசீது தர வேண்டும். அவர் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே மேலே பேசுங்கள்.

12. சேர்ந்த பிறகு

சேர்ந்த அன்று மாலை ரெக்ரூட்டருக்கு ஒரு மெசேஜ்: சேர்ந்துவிட்டேன், நன்றி. மற்ற ரெக்ரூட்டர்களுக்கும் ‘வேலை கிடைத்துவிட்டது, இப்போது தேடவில்லை’ என்று ஒரு வரி. நௌக்ரியில் புரொஃபைலை மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது மேனேஜர் பக்கத்தில் இருக்கும்போதே போன் அடிக்கும்.

முதல் மூன்று மாதத்தில் ஏதாவது சரியில்லை என்றால், சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு என்றால், அதையும் அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் அங்கே நிலைப்பது அவருக்கும் வேண்டியிருக்கிறது, எச்ஆரிடம் பேசிப் பார்ப்பார்.

அப்புறம், அவர் ‘உங்கள் நண்பர்கள் யாராவது இருக்கிறார்களா?’ என்று கேட்பார். நண்பரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே நம்பரைக் கொடுங்கள். அடுத்த ஏப்ரலில் ஹைக் லெட்டர் வந்ததும், முதல் படியில் எழுதிய அந்தப் பக்கத்தைத் திறந்து புது எண்களை எழுதிவையுங்கள்.